தையலைத் திருப்பினவன்

கொஞ்சம் தள்ளிக்கோ தம்பி. முன்னால் ரெண்டு சீட்டு காலியாக் கிடக்க, இந்தக் கிழவன் ஏன் நம்மகிட்டே வந்து ஒட்டுறான்னு பார்க்கிறே. பார். அந்த முன் சீட்டு அம்மாவுக்கு என் கதை ரெண்டு தடவை தெரியும். கண்டக்டருக்கு நாலு தடவை. நீ புது ஆள். அதோட உன் கையில் பெரிய போன் இருக்கு. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

வடசேரி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருவதற்குள் நான் ஒருத்தனைத் தீர்த்தாகணும். பதறாதே, மடியில் கத்தி ஒண்ணும் இல்லை. ஒரு வாக்கியம்தான். நாற்பத்தேழு வருஷமா வாய்க்குள்ளேயே வச்சுத் தீட்டின வாக்கியம். அவன் பேர் ரூடி கெஸ்லர். அமெரிக்காவில் படுக்கையில் கிடக்கான். நான் அவனைப் பழி வாங்கிட்டேன், எப்பவோ வாங்கிட்டேன். ஆனா வாங்கினது நான்தான்னு அவனுக்குத் தெரியாது. தெரியாமலே அவன் போய்ச் சேர்ந்துட்டா நான் வாங்கினது என்ன பழி? மழையில் நனைஞ்சான், காலில் முள் தச்சது, அந்த மாதிரி ஏதோ ஒரு கெட்ட நேரம்னு கணக்காயிரும். என் கையெழுத்து அதில் இருக்கணும்.

என் பேர் ததேயுஸ். குளச்சலுக்கு மேற்கே கடற்கரை. அமெரிக்காவில் பந்து உதைச்சு வாழ்ந்தவன். சிரி, சிரி. கண்டக்டர் சிரிக்கிறதைப் பார்த்துத்தானே நீயும் சிரிக்கிறே? இந்தக் கால் இருக்கே, இந்த வலது கால், இதால் எங்க ஊர்க் கடற்கரையில் கோல் காக்கிற கோலியா நின்னு நான் பந்தை உதைச்சா எதிர்க் கோலி கன்னத்தில் கைவச்சு அண்ணாந்து பார்ப்பான். ஒரு தடவை உதைச்ச பந்து கடலுக்குப் போய், ஒரு கட்டுமரத்தில் விழுந்து, மறுநாள் காலையில் சாளை மீனோட கரைக்கு வந்தது. கட்டுமரக்காரன் அதையும் ஏலத்தில் வச்சான். சரி, அதை விடு.

கப்பலில் சமையல் வேலைக்குப் போனேன். ஹாலிஸ்னு ஒரு துறைமுகம், அமெரிக்காவின் தென்கரையில். அங்கே எனக்குக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் போயிருச்சு. ஊரில் சில பயல்கள் நான் கப்பலை விட்டு ஓடிட்டேன்னு சொல்லுவான். நான் எங்கே ஓடினேன்? கப்பல்தான் என்னை விட்டு ஓடினது. என் கையில் ஒரே ஒரு காகிதம். அதுவும் சமையல்கட்டுச் சாமான் சீட்டு.

துறைமுகத்தில் மூட்டை தூக்குறப்போ ஒருநாள் ஒரு பந்து உருண்டு வந்தது. பந்துன்னா நம்ம பந்து இல்லை. பலாக்கொட்டையைப் பெருசாக்கின மாதிரி, ரெண்டு முனையும் கூர்மை. ஒரு பக்கம் தோலைச் சேர்த்துத் தைச்சிருப்பான், அந்தத் தையல் புடைச்சுக்கிட்டு நிற்கும். இந்தத் தையலை மட்டும் மனசில் வச்சுக்கோ. நான் ஒரு உதை விட்டேன். கிரேன் உச்சியில் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து என்னைப் பார்த்துட்டுப் போனான். அன்னைக்குச் சாயந்திரமே ஒரு ஆள் வந்தான், செம்பட்டைத் தலை, வாயில் பல்குச்சி. "உனக்கு வேலை வேணுமா?" அவன்தான் கெஸ்லர். பார்த்துக்கோ, கண்டுபிடிச்சவனே அவன்தான். பாம்பு தானே வந்து வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி.

ஹெரான்ஸ்னு ஒரு அணி. ஹெரான்னா கொக்கு. பெரிய லீக் இல்லை, அதுக்கு ஒரு படி கீழே. பொய் சொல்லக்கூடாது பாரு. அந்த ஆட்டத்தில் ஒருத்தனை ஒருத்தன் முட்டித் தள்ளிப் பந்தைக் கையில் தூக்கிப் பத்து கஜம் கொண்டுபோகணும். நாலு தடவை வாய்ப்பு. மூணு தடவை முட்டியும் முடியலைன்னா என்னைக் கூப்பிடுவான். பன்ட்டர்னு பேர் அந்த வேலைக்கு. நான் போய்ப் பந்தை எதிராளிகிட்டேயே உதைச்சுக் கொடுத்துருவேன். ஆமா, கொடுக்கிறதுதான் வேலை. ஆனா அவன் ரொம்பத் தூரத்தில் போய்ப் பொறுக்கணும், அங்கேயிருந்து திரும்ப முட்டிக்கிட்டு வரணும். அதனால் என்னைக் கண்டாலே நம்ம ஆளுங்க முகம் சுருங்கும். தோத்துட்டோம்னு சொல்ல வர்ற ஆள் நான். இழவுச் சேதி கொண்டுவர்றவன் மாதிரி. நல்லா உதைச்சாலும் கைதட்ட எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தனும் இல்லை, நம்ம கட்சிக்காரன் ஒருத்தனும் இல்லை.

கெஸ்லரும் உதைக்கிறவன்தான், வேற வகை. நான் கையிலிருந்து விட்டு உதைப்பேன். அவன் தரையில் நிறுத்தி உதைப்பான். அது ரெண்டு கம்பத்துக்கு நடுவே மேலே போகணும். போனா மூணு புள்ளி, கூட்டம் எழுந்து நின்னு கூத்தாடும். பேப்பரில் படம். அவனுக்குப் படம், எனக்குக் குளிர். இப்படித்தான் ரெண்டு வருஷம்.

அவன் வீட்டுக் கார் நிறுத்துற அறையில்தான் எனக்கு இடம். அவன் அம்மா எனக்குன்னு தனியா மிளகாய் வாங்கி வைப்பாள். காலையில் அவன் காரில் மைதானத்துக்குக் கூட்டிப்போவான், வழியெல்லாம் போர்டைக் காட்டி இங்கிலீஷ் வாசிக்க வைப்பான். என்ன திமிர் பார்த்தியா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவனுக்கு நினைப்பு.

இப்போ குற்றத்துக்கு வர்றேன். நல்லாக் கேளு.

மூணாவது வருஷம் அக்டோபர். எங்க பந்து எங்க எல்லைக்கோட்டுக்கிட்டேயே மாட்டிக்கிட்டது. முதுகுக்குப் பின்னால் இடமே இல்லை. எதிரே பதினோரு எருமை. நான் உதைச்சேன். தம்பி, அந்தப் பந்து போச்சு பாரு. போகுது, போகுது, நடுவர் அண்ணாந்து பார்த்துத் தொப்பியைக் கீழே போட்டுட்டான். ஒரு கொக்கு அது கூடவே கொஞ்ச தூரம் பறந்து, முடியாமல் திரும்பிருச்சு. எண்பத்து நாலு கஜம்! அந்த லீக்கில் அதுவரைக்கும் யாரும்...

"ஓய், போன வாரம் எழுபத்தெட்டுன்னுதானே சொன்னீரு?"

நீர் டிக்கெட்டைக் கிழியும் ஓய். போன வாரம் எனக்கு ஜலதோஷம்.

மறுநாள் பேப்பரைப் பிரிச்சேன். படம் இருக்கு, பின்னாலிருந்து எடுத்தது, என் காலு, என் இடுப்பு. கீழே என்ன பேர்? ரூடி கெஸ்லர். லீக் பதிவேட்டிலும் அதே. கெஸ்லரின் சாதனை உதை. அது எப்படி நடந்ததுன்னு கேளு. ஆட்டம் நடந்த அன்னைக்குக் காலையில் கோச் டன்லப் என்கிட்டே வந்து, "உன் சட்டை சலவைக்குப் போயிருக்கு, ரூடியோட நம்பர் போட்ட இன்னொரு சட்டையைப் போட்டுக்கோ, தலைக்கவசத்தைக் கழற்றாதே, யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே"ன்னான். நான் அப்பாவி, போட்டுக்கிட்டேன்.

ஏன் அப்படிச் செஞ்சான்? அதுதான் விஷயம். அன்னைக்கு முன் வரிசையில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தான். பழுப்பு நிறக் கோட்டு, கையில் நோட்டு. ஆட்டம் முடியும் மட்டும் கைதட்டலை, கத்தலை, எழுதிக்கிட்டே இருந்தான். அவங்க யார்? பெரிய லீக்கிலிருந்து என்னைப் பொறுக்கியெடுக்க வந்தவங்க! நானா சொல்லலை, வாசலில் நின்ன காவற்காரனே சொன்னான். "உன்னைத்தான் விசாரிச்சாங்க. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் உதைக்கிறானாமே, எந்தக் கப்பலில் வந்தான், எந்த மாசம் வந்தான், எங்கே தங்கியிருக்கான்னு கேட்டாங்க"ன்னு. பார்த்துக்கோ! ஒரு ஆட்டக்காரன் மேல் எவ்வளவு அக்கறை இருந்தா கப்பல் பேர் வரைக்கும் விசாரிப்பான்?

அவங்ககிட்டே கெஸ்லர் போய் என்ன சொன்னான் தெரியுமா? நான் கதவுக்குப் பின்னால் நின்னு என் காதால் கேட்டேன். "ரெண்டு உதையும் நான்தான் உதைக்கிறேன். வேற யாரும் இங்கே கிடையாது"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான், சவத்துப்பய. பல்குச்சி ஆடக்கூட இல்லை.

என்ன சொல்றே? போலீஸா? குடியேற்றக்காரனா? போ தம்பி. கோட்டுப் போட்டு, முன் வரிசையில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து நாலு மணி நேரம் பந்தாட்டம் பார்க்கிற போலீஸை நீ எங்கே பார்த்திருக்கே? நம்ம குளச்சல் ஸ்டேஷனில் சொல்லிப் பார், சிரிப்பாங்க. என்னை மாதிரி ஒரு சமையல்காரனைப் பிடிக்கவா ரெண்டு பேர் நோட்டோட வருவான்? யோசிச்சுப் பேசு. கெட்டிக்காரனாத் தெரிஞ்சியேன்னு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திங்கள்சந்தை வந்தாச்சு. இறங்குறவங்க இறங்கட்டும்.

நான் அவனோட பேசறதை நிறுத்தினேன். அவன் விடலை. "தாட், என்ன கோபம்?"னு கேப்பான். என் பேரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான், தாட்னு. "அந்தச் சாதனை உன்னோடதுதான், எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், கொஞ்சநாள் போகட்டும்"னான். கொஞ்சநாள்! திருடினவன் தவணை சொல்றான் பாரு. நான் நேரம் பார்த்தேன்.

நேரம் எங்கே இருந்தது தெரியுமா? என் கையிலேயே இருந்தது. அதைக் கேளு. கெஸ்லர் தரையில் நிறுத்தி உதைப்பான்னு சொன்னேனே, அந்தப் பந்தை நிறுத்திப் பிடிக்கிறது யார்? பன்ட்டர்! அது அந்த ஆட்டத்தில் வழக்கம். மத்தவன் எல்லாம் முட்டி மோதப் பழகும்போது, உதைக்கிற நாங்க ரெண்டு பேரும்தான் ஓரமாச் சும்மா நிற்போம், அதனால் ஒருத்தனுக்கு ஒருத்தன் பழகிக்குவோம். நடு ஆள் ஒருத்தன் குனிஞ்சு காலுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீசுவான். நான் முழங்கால் போட்டுப் பிடிப்பேன். தரையில் கூர்முனையை ஊன்றி, மேல் முனையில் ஒரு விரல். அதுக்குள்ளே தையலைத் திருப்பணும். தையல் கம்பத்தைப் பார்த்து இருக்கணும், உதைக்கிறவன் காலைப் பார்த்து இருக்கக்கூடாது. தையலில் கால் பட்டா பந்து நொண்டும், பக்கம் போயிரும். இவ்வளவையும் நீ 'அம்மா'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ளே செய்யணும். உதைக்கிறவன் தன் உயிரையே பிடிக்கிறவன் விரலில் கொடுத்துட்டு ஓடி வர்றான். கெஸ்லர் ரெண்டரை வருஷமா என் விரலை நம்பி ஓடி வந்தான்.

நவம்பர் கடைசி. கோப்பைக்கான ஆட்டம். ரெண்டு புள்ளி பின்னால் இருக்கோம். கடிகாரத்தில் நாலு நொடி. முப்பத்தெட்டு கஜம். அவனுக்கு அது வெத்தலை போடுற மாதிரி. இருபதாயிரம் பேர் மூச்சு விடலை. நான் போய் முழங்கால் போட்டேன். அவன் என் தோளைத் தட்டி, "மெதுவா, தாட்"னான். எனக்கு அட்வைஸ்!

பந்து வந்தது. அழகாப் பிடிச்சேன். ஊன்றினேன். தையல் தானாவே கம்பத்தைப் பார்த்துத்தான் நின்னது தம்பி, நான் ஒண்ணும் செய்யவே வேண்டாம். ஒரு விரல், இந்த ஆள்காட்டி விரல், அரைச் சுற்று. அவன் காலுக்கு நேரே. என் எண்பத்தாறு கஜத்துக்கு அரைச் சுற்று.

உதைச்சான். பந்து கிளம்பினது, நடுவழியில் யாரோ கூப்பிட்ட மாதிரி இடதுபக்கம் திரும்பினது, கம்பத்தில் அடிச்சது. டங்! அந்தச் சத்தம் இருக்கே, எங்க கோயில் மணிகூட என் காதுக்கு அப்படி இனிச்சதில்லை.

ஊரே அவனைத் தின்னது. ராத்திரியோட ராத்திரியா அவன் கார்க் கண்ணாடியை உடைச்சாங்க. அவன் அம்மா கடைக்குப் போனா மீன்காரன் முகத்தைத் திருப்பினான். வாரம் முடியறதுக்குள்ளே அணி அவனை வெளியே அனுப்பினது. அதுக்கப்புறம் எவனும் எடுக்கலை. பள்ளிக்கூட பஸ் ஓட்டினானாம் இருபது வருஷம். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. முழுசா நடந்தது.

ஆனா கேளு, இங்கேதான் அவன் என்னை ரெண்டாவது தடவை கொன்னான். ஆட்டம் முடிஞ்சதும் பேப்பர்காரன் எல்லாம் அவனைச் சூழ்ந்துக்கிட்டான். "பந்தை வச்சதில் தப்பா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் பக்கத்தில் நிற்கிறேன். சொல்லப்போறான், என் பேர் வரப்போகுது, ததேயுஸ்னு நாளைக்குப் பேப்பரில் கொட்டை எழுத்தில் வரப்போகுது. இவன் சொல்றான்: "தாட் அருமையா வச்சான். என் கால்தான் வழுக்கிருச்சு."

வழுக்கிருச்சாம்! எப்படி இருக்கும் எனக்கு? என் சாதனையைத் திருடினான், சரி. நான் கஷ்டப்பட்டு, பார்த்துப் பார்த்து ஒரு குற்றம் செஞ்சேன், அதையும் திருடிக்கிட்டான்! அந்த ஊரில் என் பேரில் நல்லதுக்கும் ஒரு வரி இல்லை, கெட்டதுக்கும் ஒரு வரி இல்லை.

அவனைத் தனியா மடக்கி, "திருப்பினது நான்தான்டா"ன்னு முகத்துக்கு நேரே சொல்லணும்னு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் அவனே வந்து என்னை எழுப்பினான். "எடு உன் பெட்டியை. அந்த ரெண்டு கோட்டுக்காரனும் திங்கட்கிழமை மறுபடி வர்றாங்க, இந்தத் தடவை வீட்டுக்கே வர்றாங்க"ன்னான். பார்த்தியா? அத்தனை நடந்த பிறகும் என்னைத் தேடி வீட்டுக்கே வர்றாங்க, என்னை விடவே மனசில்லை அவங்களுக்கு! திங்கட்கிழமை அவங்க வர்றாங்க, ஞாயிற்றுக்கிழமை இவன் என்னைக் கப்பல் ஏத்துறான்! அவன் அம்மாவோட அண்ணன் ஒரு சரக்குக் கப்பலில் மேஸ்திரி, அங்கே கொண்டு ஒளிச்சு வச்சுட்டான். கண்ணாடி உடைஞ்ச காரில் குளிரில் ரெண்டு மணி நேரம் ஓட்டி வந்தான், பல் கிடுகிடுங்குது, அப்பவும் போர்டைக் காட்டி வாசிக்கச் சொன்னான். அந்தக் காரில் எத்தனை தடவை வாயைத் திறந்தேன்! சத்தம் வரலை. குளிர்தான் காரணம். வேற என்ன?

நீ ஏன் அப்படிப் பார்க்கிறே? அவன் பக்கம் பேசப்போறேன்னா இப்பவே சொல்லு, நான் சீட்டு மாறிக்கிறேன்.

அதுக்கப்புறம் நான் இங்கே, அவன் அங்கே. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு அனுப்புவான், என்னைச் சீண்டறதுக்கு. நாற்பத்தாறு கார்டு. எல்லாத்தையும் பெட்டியில் போட்டு வச்சிருக்கேன், சாட்சிக்கு. ஒண்ணில் எழுதியிருந்தான், லீக் மூடிட்டாங்க, பதிவேட்டில் பேரை மாத்தச் சொல்லி எழுதிக் கேட்டேன், பதில் சொல்ல அங்கே ஆளே இல்லைன்னு. எப்போ கேக்கிறான் பாரு, கடையை மூடின பிறகு. நான் ஒரு கார்டுக்கும் பதில் போட்டதில்லை. அந்த வாக்கியத்தை எழுத்தில் அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அவன் முகம் எப்படிப் போகுதுன்னு எனக்குப் பார்க்கணும்.

இந்த வருஷம் கார்டு வேற கையெழுத்தில் வந்தது. மகளாம். அப்பாவால் எழுத முடியலை, நாள் அதிகம் இல்லை, உங்க குரலைக் கேக்க ஆசைப்படறார்னு. கீழே நம்பர். ரெண்டு வாரமா அந்தக் கார்டை மடியில் வச்சுக்கிட்டு இதே பஸ்ஸில் போறேன் வர்றேன். என் போனில் படம் தெரியாது. படம் தெரியற போன் வச்சிருக்கிறவன் எல்லாம் காதில் எதையோ மாட்டிக்கிட்டு எனக்குக் காதே கொடுக்க மாட்டேங்கிறான். நீ கொடுத்தே. எடு தம்பி. போடு இந்த நம்பரை. இப்போ அங்கே சாயந்திரம் முடிஞ்சு எட்டு மணி இருக்கும், முழிச்சுத்தான் இருப்பான்.

அடிக்குதா? தா இப்படி.

ஹலோ. ஆமாம்மா, ததேயுஸ். இந்தியா. கொடும்மா, கொடு.

...தம்பி, இது யாரு? இந்தக் கிழவன் யாரு? மயிரெல்லாம் போய்க் கிடக்கு. மூக்கில் குழாய். ஆ, பல்குச்சி. வாயில் பல்குச்சி வச்சிருக்கான். அவன்தான்.

கெஸ்லர். நான் சொல்றதைக் கேளு. பேசாதே, கேளு. அந்தக் கடைசி உதை. முப்பத்தெட்டு கஜம். உன் கால் வழுக்கலை. தையலைத் திருப்பினது நான். வேணும்னே திருப்பினேன். நான். ததேயுஸ்.

...

என்ன சொல்றான்னு கேட்டியா தம்பி? உனக்கு அவன் இங்கிலீஷ் புரிஞ்சிருக்காது, தொண்டையில் பேசுறான். "தெரியும்"ங்கறான். "ஓடி வரும்போதே பார்த்தேன். ரெண்டு அடி வச்சாச்சு, அதுக்கப்புறம் நிறுத்த முடியாதே"ங்கறான். நாற்பத்தேழு வருஷமாத் தெரியுமாம்! தெரிஞ்சுக்கிட்டே கார் ஓட்டியிருக்கான்! தெரிஞ்சுக்கிட்டே கார்டு போட்டிருக்கான்! என்ன நெஞ்சழுத்தம் பார், நான் கஷ்டப்பட்டுத் தீட்டி வச்சிருந்ததை ஒரு வார்த்தையில் மழுங்கடிச்சுட்டான் பாவி.

கெஸ்லர்! அப்போ திட்டுடா என்னை! திட்டு! உன் வாயால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லு, நான் வைக்கிறேன் போனை. என்ன? என்ன கேட்டே? சத்தமாப் பேசு, பஸ் இரையுது.

...

கட்டாயிருச்சு. வில்லுக்குறி இறக்கத்தில் எப்பவும் டவர் கிடைக்காது.

என்ன கேட்டான் தெரியுமா? திட்டலை. "உன்கூட யாராவது இருக்காங்களா, தாட்?"னு கேட்டான். என் வீட்டில் யார் இருந்தா இவனுக்கென்ன? மனைவி இருக்கா, ஆறு பிள்ளை, பதினெட்டுப் பேரப்பிள்ளைன்னு சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். இந்தப் பஸ்ஸில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்! வரலை தம்பி. "இல்லை"ன்னு சொல்லிட்டேன். "தனியாத்தான்"னு சொல்லிட்டேன்.

இன்னொரு தடவை என்னைத் தோக்கடிச்சுட்டான்.

நீ நாளைக்கும் இந்த வண்டியில்தானே வருவே? ஏழு பத்து வண்டி. வா. சார்ஜ் போட்டுக்கிட்டு வா. இவனை நான் சும்மா விடப்போறதில்லை.